இரைச்சல் நின்ற இடம்

— முடியாதுக்கா. டேப்பைத் தர மாட்டேன். இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?

— டேய், டேப் ரெக்கார்டர் என்னுது. ரிப்பேருக்குக் கொண்டு வந்து குடுத்தவர் என் வீட்டுக்காரர். ரிப்பேர் பண்ணினாப் பண்ணு, இல்லாட்டித் திருப்பிக் குடு. உள்ளே கிடந்ததைக் குடைஞ்சு பார்க்கச் சொல்லி உன்னை யாரு கேட்டா?

— மூடியைத் திறந்தேன், கேசட் இருந்துச்சு. ஓடுதான்னு பார்க்க எவனும் உள்ளே இருக்கறதைத்தான் போட்டுப் பார்ப்பான். சிம்பிள். ஏதோ பாட்டு வரும்னு பார்த்தேன். அப்பா இருமுறாரு.

— இருமல்தான் இருக்கு அதுல. டாக்டர் கேட்டார்னு பிடிச்சது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இருமுறார், மூச்சு எப்படி விடறார்னு கேட்டா எண்ணியா சொல்ல முடியும்? கட்டில் பக்கத்துல வச்சு ஓட விட்டேன். செத்த மனுஷன் இருமினதைக் கேட்டு நீ என்ன பண்ணப் போறே? குடு, நான் கிளம்பறேன்.

— வந்து பத்து நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள கிளம்பறியா? மச்சான் காலையிலதான் குடுத்துட்டுப் போனாரு. மத்தியானத்துக்குள்ள ரெண்டு பஸ் மாறி ஓடி வந்து நிக்கறே. நாலு வருஷமா இந்தக் கடைப் பக்கம் தலைகாட்டினது உண்டா நீ?

— நீ வான்னு சொல்லலை, நான் வரலை. இப்ப வந்தவளுக்கும் உட்கார இடமில்ல. நாலு நாற்காலி இருக்கு, நாலுலயும் ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கு. மவராசனுங்க!

— அந்த ஸ்டூலை இழுத்துக்கோ. சால்டரிங் அயர்ன் பக்கம் கையை வைக்காதே, சுட்டுடும்.

— என்னடா இது, மேஜை பூரா? சாப்பிட்டுத் துப்பின மீன் முள்ளு மாதிரி.

— பில்டர். காலையில இருந்து இதைத்தான் கட்டிட்டிருக்கேன். வந்த வேலை எல்லாம் அப்படியே கிடக்கு. இன்னும் நாலு இடத்துல ஈயம் வச்சா முடிஞ்சுது. அப்புறம் அப்பா என்ன பேசினார்னு தெரிஞ்சுடும்.

— பேசினாரா? அவர் எங்கேடா பேசினார்? இருமினார்.

— பேசியிருக்காரு. இரைச்சலுக்கு அடியில பேச்சு ஓடுது. எனக்குத் தெரியாதா? எந்த ஹால்ல எந்த ஒயர் முனகுதுன்னு வாசல்ல நின்னே சொல்றவன் நான்.

— ஆமாண்டா ஆமா. பாம்புச் செவி. பொறந்ததுல இருந்தே அப்படித்தான். ரேடியோவைக் காதுல ஒட்ட வச்சுக்கிட்டுப் படுத்திருப்பே. ஃபேன் சத்தம் இடைஞ்சலா இருக்குன்னு மூஞ்சியைத் தூக்குவே. உடனே அப்பா எழுந்து போய் ஃபேனை நிறுத்துவாரு. எட்டு மணி நேரம் மில்லு இரைச்சல்ல நின்னுட்டு வந்த மனுஷன், பனியன் நனைய நனைய உட்கார்ந்திருப்பாரு. அம்மாவும் நானும் முந்தானையால விசிறிக்குவோம். எதுக்கு? துரை ரேடியோ கேக்கறாரு!

— அந்தக் கதை எதுக்கு இப்ப? அதே அப்பாதானே கடைசியில என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னாரு? நீதானே சொன்னே?

— சொன்னேன்.

— 'மைக் செட்டு கட்டறதெல்லாம் ஒரு பொழப்பா, இந்த வாசப்படியை மிதிக்காதே'ன்னாரு. சரின்னு மிதிக்கலை. ரெண்டு வருஷம். அப்புறம் மச்சான் வந்து, அப்பாவுக்கு இருமல் அதிகமா இருக்கு, ஒரு போன் பண்ணுடான்னாரு. ரோஷத்தை எல்லாம் முழுங்கிட்டுக் கூப்பிட்டேன். அன்னிக்கு ஏழு மணிக்கு ஒரு நாடக ஷோ, மைக் செட்டு என்னுது. ஆறு மணிக்கு டிக்கெட் கவுண்டர் போன்ல நின்னுட்டுக் கூப்பிடறேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். 'என்னப்பா சத்தம், ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் கேக்கல'ன்னு கத்தறேன். அவர் வாயே திறக்கல. வச்சுட்டேன்.

— வேற என்ன சொன்னே?

— என்னமோ சொன்னேன். ஷோ அவசரத்துல எல்லாமா ஞாபகம் இருக்கும்?

— அப்புறம் கூப்பிட்டியா?

— காலையில கூப்பிட்டேன். நீ எடுத்தே. விடியக்காலையில தூக்கத்துலயே போயிட்டாருன்னே. நேத்து ஏன் பேசலைன்னு கேட்டதுக்கு, 'அவருக்கு உன்கிட்டப் பேச இஷ்டமில்லைடா, ரிசீவரைக் காதுல வச்சுட்டுச் சும்மா இருந்தாரு'ன்னே. அந்த ஒரு வரியை நாலு வருஷமா மென்னுட்டிருக்கேன். முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

— அப்படியே மென்னுட்டு இரு. புதுசா எதையும் வாயில போட்டுக்காதே. சொன்னா கேளு.

— சொன்னா கேளு, சொன்னா கேளு! சின்ன வயசுல இருந்து இதே பாட்டு. தள்ளிக்கோ, வெளிச்சம் மறையுது. வந்தது வந்தே, இந்தக் கம்பியைக் கொஞ்சம் பிடி.

— நான் பிடிக்க மாட்டேன்.

— பிடிக்கா. ரெண்டு கைதான் எனக்கு. ஒண்ணுல அயர்ன், ஒண்ணுல ஈயம்... ஆங், அப்படியே பிடிச்சுக்கோ.

— எதுக்குடா மீட்டரை வச்சு ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் போடறே? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?

— பார்க்கத்தான் ஒரே மாதிரி. அளந்தா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இந்த ரெண்டு இடத்துல மட்டும் அச்சு அசலா ஒரே அளவுல ரெண்டு ரெசிஸ்டர் வேணும். கொஞ்சம் பிசகினாலும் இரைச்சல் முழுசாப் போகாது. அப்படி ரெண்டு கிடைக்கறதுதான் கஷ்டம்.

— நீயும் அப்பாவும் இருந்தீங்களே, அச்சு அசலா ரெண்டு. யாரு முதல்ல பேசறதுன்னே ரெண்டு வருஷம் ஓட்டினீங்க. நடுவுல நான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

— உனக்கென்ன இடி? அவர் பக்கத்துல இருந்தே. பேச்சைக் கேட்டே. எனக்கு என்ன மிஞ்சிச்சு? இந்த இரைச்சல்.

— அதையும் தூக்கி எறியத்தானே இதைக் கட்டறே? எப்படி எறியும் இது?

— டேப்புல ரெண்டு இரைச்சல் இருக்கு. ஒண்ணு ஃபேன், சன்னமா. அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்னொண்ணு தடியா, 'ம்ம்ம்'னு, அப்பா குரல் மேலயே ஏறி உட்கார்ந்திருக்கு. மொத்தமாச் சத்தத்தைக் குறைச்சா அப்பாவும் சேர்ந்து போயிடுவாரு. இது அப்படி இல்ல. கூட்டத்துல ஒருத்தனை மட்டும் காதைப் பிடிச்சு வெளியே தள்ளற மாதிரி, அந்த ஒரு சுருதியை மட்டும் தூக்கி வெளியே போடும். மத்தவங்க எல்லாம் அப்படியே உட்கார்ந்திருப்பாங்க. என்னை வீட்டை விட்டுத் தள்ளினீங்களே, அந்த மாதிரி. சிம்பிள்.

— யாரும் தள்ளலை. நீயாப் போனே. அப்ப இந்தக் குமிழ் எதுக்கு?

— இரைச்சல் ஒரே இடத்துல நிக்கமாட்டேங்குது. நீ போட்டிருந்த பேட்டரி பழசு. போகப் போகத் தளர்ந்து, டேப் மெதுவா ஓடியிருக்கு. மெதுவாப் பிடிச்சதைச் சரியான வேகத்துல ஓட்டினா எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக் கீச்சுக் குரலாகிட்டே போகும். இரைச்சலும் மேல ஏறிட்டே போகுது. ஓடற திருடனைத் துரத்தற கதைதான். நான் குமிழைத் திருப்பித் திருப்பி அது பின்னாடியே போகணும்.

— அது என்ன இரைச்சல்னு தெரியுமா உனக்கு?

— உன்னைத்தான் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்குப் போன்ல கேட்ட அதே இரைச்சல். இத்தனை நாளா லைன்ல கோளாறுன்னு நினைச்சுட்டிருந்தேன். வீட்டுக்குள்ள என்னத்தை ஓட விட்டிருந்தீங்க? தண்ணி மோட்டாரா?

— ஆக்ஸிஜன் மெஷின்.

— என்னது?

— மூக்குல குழாய் வச்சு ஆக்ஸிஜன் குடுக்கற மெஷின். வாடகைக்கு எடுத்தோம். முப்பது வருஷ மில்லுப் பஞ்சு மொத்தமும் அவர் நெஞ்சுலதான்டா இருந்துச்சு. ராத்திரி பகலா ஓடும் அது. கடைசி எட்டு மாசம், அது இல்லாம கக்கூஸ் வரைக்கும் கூட அவரால நடக்க முடியாது.

— இருமல்னுதானே சொன்னீங்க என்கிட்ட?

— அப்பா சொல்லவிடலை. 'மெஷினைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒருத்தன் வர வேண்டாம், அப்பனைப் பார்க்கணும்னு தோணினா வரட்டும்'னாரு. உன் மச்சானையும் சத்தியம் பண்ண வச்சுட்டாரு.

— நல்ல குடும்பம்க்கா நம்ம குடும்பம். ஒருத்தர் சொல்ல மாட்டாரு, ஒருத்தன் கேக்க மாட்டான், ஒருத்தி இருக்கறதை மாத்திச் சொல்லுவா... விடு, கம்பியை விடு. முடிஞ்சுது.

— டேய், வேண்டாம். மெயின் சுவிட்ச் எங்கே இருக்குன்னு வரும்போதே பார்த்துட்டேன். அணைச்சுடுவேன்.

— அணைச்சுக்கோ. பில்டரும் பேட்டரி, ரெக்கார்டரும் பேட்டரி. லைட்டு ஒண்ணுதான் போகும். போடறேன், கேளு. இது பில்டர் இல்லாம... வெறும் 'ம்ம்ம்'. இப்ப பில்டர் வழியா விடறேன். கொஞ்சம் கீழே... இன்னும் கொஞ்சம்... தாண்டிட்டேன்... இந்தா, பிடிச்சேன்! போச்சு பாரு!

— "...ஆங், அப்பாதான்டா பேசறேன்... எனக்கு நல்லாக் கேக்குது... சொல்லு..."

— அக்கா!

— போதும். நிறுத்து.

— இது நான் கூப்பிட்டப்ப! அக்கா, இது அந்தப் போன்! பேசறாரு!

— "...கோவமெல்லாம் ஒண்ணுமில்லடா பயலே... அதெல்லாம் அப்பவே போச்சு... ஒரு நடை வந்துட்டுப் போ... என்னது?... கேக்கலையா?... வந்துட்டுப் போங்கறேன்..."

— வாயைத் திறக்கலைன்னியே! சும்மா இருந்தாருன்னியே! வந்துட்டுப் போன்னு மூச்சு வாங்க வாங்கக் கெஞ்சறாரு மனுஷன்!

— ஆமா, பேசினாரு. உனக்குக் கேக்கலை. அவ்வளவுதான்.

— அதை ஏன் சொல்லலை நீ?

— சொல்லத் தோணலை.

— தோணலையா? நாலு வருஷம்க்கா! அவர் போட்டோவைக் கூட நான் வீட்டுல மாட்டலை. என் பையன் கேட்டான், தாத்தா எப்படி இருப்பாருன்னு. கல்லு மாதிரி இருப்பாருன்னேன். பெத்த அப்பனைக் கல்லுன்னு சொல்ல வச்சுட்டியேடி பாவி!

— கல்லாவே இருந்துட்டுப் போகட்டும். கல்லால உனக்கு ஒரு கெடுதலும் இல்ல. நீ நல்லாத் தூங்கினே, நல்லாச் சாப்பிட்டே, புள்ளையைப் பெத்தே. ஊருல எல்லா அப்பனும் மகனும் கொஞ்சிக்கிட்டா இருக்காங்க? எதிர்வீட்டுல—

— கொஞ்சம் சும்மா இரேன். நீ போடற சத்தத்துல அப்பா பேசறது கேக்கல.

— கேக்க வேண்டாம்னுதான் பேசறேன்!

— இரு, இரு... என்ன இது?

— என்ன?

— குமிழ் வேலை செய்யலை.

— கெட்டுப் போச்சா? நல்லதாப் போச்சு. எடுத்து வை.

— கெடலை. திருப்பறேன், ஒரு வித்தியாசமும் தெரியலை. இந்தக் கடைசிக்குத் திருப்பினாலும் அதேதான், அந்தக் கடைசிக்குத் திருப்பினாலும் அதேதான். பில்டரையே கழட்டிட்டுப் போடறேன்... பாரு, இப்பவும் சுத்தமா இருக்கு. பில்டர் மேல தப்பில்லை. வெளியே தள்ள ஆளே இல்ல அங்கே. இரைச்சலே நின்னு போச்சு.

— டேப்பு பழசுடா. அழிஞ்சிருக்கும்.

— அது மட்டுமா அழியும்? ஒருவேளை கரண்ட் போச்சோ... இல்லையே. ஃபேன் ஓடுது, சன்னமாக் கேக்குது பாரு. ஃபேன் ஓடுது, மெஷின் மட்டும் நின்னிருக்கு. ஒரு விரக்கடை பின்னாடி ஓட்டறேன்... இந்தா. 'டொக்'. கேட்டியா? சுவிட்ச். வாழ்நாள் பூரா சுவிட்ச் போட்டு அணைக்கறவன் நான், எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? யாரு அணைச்சது?

— எனக்கு எப்படித் தெரியும்?

— அது இல்லாம கக்கூஸ் வரைக்கும் நடக்க முடியாதுன்னு இப்பத்தானே சொன்னே? மச்சான் அணைச்சாரா?

— அவர் வேலைக்குப் போயிருந்தாரு.

— அம்மா முன்னாடியே போய்ச் சேர்ந்தாச்சு. வேற யாரு இருந்தா வீட்டுல?

— யாரும் இல்ல.

— அக்கா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— நான்தான் அணைச்சேன்.

— திருப்பிப் போட்டியா?

— போட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுப் போட்டேன். அப்புறம் போட்டு என்ன பிரயோஜனம்?

— அப்ப விடியக்காலையில, தூக்கத்துலன்னு நீ சொன்னது...

— பொய். ஏழு மணிக்கே முடிஞ்சுது. உன் ஷோ ஆரம்பிச்ச நேரம்.

— கொலைகாரி.

— ஆமா.

— கொலைகாரி! உன் கையால சோறு வாங்கித் தின்ன மனுஷன்டி அவரு! உன்னை நம்பித்தானே விட்டோம்!

— விட்டீங்க. நல்லா விட்டீங்க. எட்டு மாசம் மலம் மூத்திரம் அள்ளினேன். சேர்ந்தாப்பல ரெண்டு மணி நேரம் தூங்கினது இல்ல. அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ள புகுந்து ஓட ஆரம்பிச்சுது. ஒரு நாள் பொறுக்க முடியலை, அணைச்சுட்டேன். போதுமா?

— இதை எப்படி உன்னால இவ்வளவு சாதாரணமாச் சொல்ல முடியுது?

— நாலு வருஷம் ஒத்திகை பார்த்தாச்சு. போ, யாருகிட்ட வேணும்னாலும் சொல்லு. பெரியப்பாகிட்டச் சொல்லு, சித்திகிட்டச் சொல்லு, போலீசுக்குப் போகணும்னாலும் போ. அந்த டேப்பையே போட்டுக் காட்டு. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த இடம் வரைக்கும் போட்டுக் காட்டு. இதோட நிறுத்திடு.

— ஏன் இந்த இடம் வரைக்கும்?

— சுவிட்ச் சத்தம் கிடைச்சாச்சு. குத்தவாளி கிடைச்சாச்சு. வேற என்ன வேணும் உனக்கு? மேல ஒண்ணும் இல்ல அதுல.

— ஒண்ணும் இல்லாததுக்கா அழறே? கொலைகாரின்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன், கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. இப்ப டேப்புல கையை வச்சதும் அழறே?

— டேய், சொன்னா கேளுடா. பொறந்ததுல இருந்து நான் சொன்ன ஒண்ணையும் நீ கேட்டதில்ல. இந்த ஒண்ணைக் கேளு. என்னைக் கொலைகாரின்னு நினைச்சுக்கோ. என் வீட்டு வாசலை மிதிக்காதே. நான் செத்தா வராதே. அப்படி நினைச்சுட்டே நீ நல்லா இரு. அந்தப் பட்டனை மட்டும் அமுக்காதே.

— கையை எடு.

— உன் கால்ல விழறேன்டா.

— கையை எடுக்கா. என்ன இருந்தாலும் நான் கேக்கணும்.

— "...அணைச்சுட்டியா அம்மாடி?... ம்... ஹலோ... இப்பக் கேக்குதாடா?... இப்ப சத்தமே இல்ல பாரு... ஹலோ... ஹலோ..."

— யாருகிட்டப் பேசறாரு? நான்தான் வச்சுட்டேனே.

— ஆமா. நீ வச்சுட்டே.

— குரல் ஏன் இப்படி ஆயிடுச்சு? சின்னப் பையன் மாதிரி...

— பேட்டரி தளர்ந்ததுன்னு நீதானே சொன்னே.

— "அப்பா, கையை விடுங்க. உதடெல்லாம் நீலம் பாரிக்குது. நான் மெஷினைப் போடறேன்."

— இது உன் குரல்.

— போதும்டா. கும்பிடறேன், நிறுத்திடு.

— "...போட்டுடாதே அம்மாடி... இரைச்சல்ல அவனுக்குக் கேக்கலையாம்... எல்லாத்தையும் நிறுத்தி வைங்கன்னிருக்கான்... பத்து நிமிஷத்துல கூப்பிடறானாம்..."